குவில்ட்டுக்குத் துணியை ஒரே நாளில் வெட்டிவிடலாமா, தைக்கத் தைக்க வெட்டுவதா?

ஈசூன் தையல்காரி கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். ரவிக்கை, தலையணை உறை, பிள்ளையின் பள்ளிக் கால்சட்டைக்கு மடிப்பு, இவ்வளவுதான் இதுவரை என் தையல். ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட், பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. மகளின் கட்டில் சூப்பர் சிங்கிள், 107க்கு 190 சென்டிமீட்டர். அதற்கு ஏற்ற ஒரு பேட்டர்ன் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். குறுக்கே ஐந்து கட்டம், நீளத்துக்கு எட்டு. மொத்தம் 40 கட்டம், 360 சதுரம். ஒவ்வொரு சதுரமும் மூன்றரை இஞ்ச் வெட்டவேண்டும், தைத்தபின் மூன்று இஞ்ச் நிற்கும். சுற்றிலும் ஆறு இஞ்சில் ஒரு கரை.

துணி என் மாமியார் கொடுத்தது. அவர் உடுத்திய இரண்டு பழைய சுங்குடிப் புடவை, ஒன்று அரக்கு, ஒன்று சந்தனம். தையலுக்கென்று ஜனவரியில் அவரே எடுத்துக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை பையைத் திறந்து, பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து வைக்கிறார். "வெட்டிட்டியா?" என்று கேட்பார். "இன்னும் இல்லை அத்தை" என்றால் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

இப்போது சிக்கல் என்னவென்றால் மேசை. சிங்கப்பூர் நான்கறை வீட்டில் பெரிய மேசை என்றால் சாப்பாட்டு மேசைதான். எனக்கு ஷிஃப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் அத்தையைக் கூட்டிக்கொண்டு கோயில், அப்படியே தேக்கா சந்தை என்று போய்வருவார். அந்த நாலு மணி நேரம் மேசை எனக்கு. அதனால் ஒரே ஞாயிற்றில் 360 சதுரம், கரை, விளிம்பை மூடுகிற ஓரப்பட்டி எல்லாவற்றையும் வெட்டிப் பைகளில் போட்டுவிட்டால் அப்புறம் இரவில் அரை மணி, ஒரு மணி என்று உட்கார்ந்து தைத்துக்கொண்டே போகலாம் என்று நினைத்தேன். ஆனால் வீடியோக்களில் பாதிப் பேர் அப்படித்தான் செய்யவேண்டும் என்கிறார்கள், மீதிப் பேர் தேவைக்கேற்ப வெட்டு என்கிறார்கள். வெட்டினால் திரும்ப ஒட்டாது. அதுவும் இது அத்தையின் புடவை. என்ன செய்ய?

பிஸ்கட் டின் எழுதுகிறார்:

நான் முதல் கட்சி. ஒரே நாளில் எல்லாம் வெட்டினேன், கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு, அடுக்கி, பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். பெருமையாகப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அப்புறம் இரண்டாவது குழந்தை பிறந்தது. நாலு வருடம் கழித்துத் திறந்தால் விளிம்பெல்லாம் பிசிறு. கஞ்சி வாசத்துக்கு ராமபாணப் பூச்சி வந்து சல்லடை போட்டிருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் கஞ்சித் துணியை மாதக்கணக்கில் வைக்கவே கூடாது என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்டாமல் வைத்திருந்தால் ஒரு தலையணை உறையாவது தைத்திருப்பேன். டின் இப்போது முறுக்குக்கு.

கட்டிங் செக்‌ஷன் எழுதுகிறார்:

தங்கச்சி, எனக்கு 68 வயது, அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. 1979இல் காலாங் பக்கம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தையலுக்குச் சேர்ந்து, அப்புறம் வெட்டும் பிரிவுக்குப் போனவள் நான். அங்கே அறுபது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மிஷின் கத்தியால் ஒரே ஓட்டத்தில் அறுப்போம். ஒரே நாளில் வெட்டுவது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன், அதில்தான் சோறு சாப்பிட்டேன். ஆனால் ஒரு சட்டை முழுதாகத் தைத்து, அளந்து, சரி என்று ஆன பிறகுதான் கத்தி துணியில் படும். ஒரு தடவை அவசரத்தில் மாதிரி பார்க்காமல் வெட்டி, நாற்பது டஜன் காலர் கழுத்துக்குப் பற்றாமல் போனது. மேற்பார்வையாளர் அன்றைக்குப் பேசிய ஹொக்கியன் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

அதனால் முதலில் ஒன்பதே ஒன்பது சதுரம் வெட்டு. அரக்கு ஐந்து, சந்தனம் நாலு. தை, இஸ்திரி போடு, அள. வெளி விளிம்பில் தையலுக்கு விட்ட இடத்தையும் சேர்த்து ஒன்பதரை இஞ்ச் இருக்கவேண்டும். முதல் தடவை யாருக்கும் இருக்காது. உனக்கு ஒன்பதேகால் வருகிறது என்று வைத்துக்கொள். அப்படியென்றால் ஒவ்வொரு தையலும் ஒரு நூல் அதிகமாகத் தின்கிறது. எட்டு நூல் ஓர் இஞ்ச், தெரியுமில்லையா. ஒரு கட்டத்தில் இரண்டு தையல், போனது கால் இஞ்ச். பெரிதாகத் தெரியாது. ஆனால் உன் போர்வையில் குறுக்கே பதினைந்து சதுரம், பதினாலு தையல். ஒண்ணேமுக்கால் இஞ்ச் போய்விடும். நீளத்துக்கு இருபத்துநாலு சதுரம், இருபத்துமூன்று தையல். ஏறக்குறைய மூன்று இஞ்ச் போய்விடும்.

அதனால் போர்வைக்குக் கெடுதல் இல்லை. எல்லாக் கட்டமும் ஒன்றுபோல ஒன்பதேகால் இருந்தால் கொஞ்சம் சின்னப் போர்வை, அவ்வளவுதான். கெடுதல் எங்கே வருகிறது என்றால், பேட்டர்னில் போட்டிருக்கிறது என்று கரையை முதல் நாளே எழுபத்திரண்டரை இஞ்சுக்கு வெட்டி வைத்தால். நடுப்பகுதி அறுபத்தொன்பதரை சொச்சம்தான் வந்திருக்கும். நீ மூன்று இஞ்ச் அதிகமான பட்டியை இழுத்துச் சுருக்கி எப்படியோ சேர்த்துத் தைத்துவிடுவாய். கட்டிலில் விரித்தால் ஓரம் அப்பளம் மாதிரி நெளியும். எத்தனை இஸ்திரி போட்டாலும் படியாது. சமூக மன்றத்து வகுப்பில் இந்த அப்பளத்தை ஒவ்வொரு தடவையும் இரண்டு பேராவது கொண்டுவருவார்கள்.

கரையின் நீளத்தைக் கடைசியில்தான் வெட்டவேண்டும். நடுப்பகுதி முழுக்கத் தைத்து முடித்து, தரையில் விரித்து, இரண்டு பக்கம் ஒருமுறை, நடுவில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றுக்கும் நடுவான அளவுக்கு வெட்டு. விளிம்பை மட்டும் அளக்காதே, கைபட்டுக் கைபட்டு அது நீண்டிருக்கும்.

இப்போது உன் மேசைக்கு வருகிறேன். மேசை ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் அந்த நாளைச் சதுரம் வெட்டி வீணாக்காதே. மூன்றரை இஞ்ச் சதுரம் வெட்ட எதற்குச் சாப்பாட்டு மேசை? ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கிற இடம் இருந்தால் போதும், எந்த இரவிலும் வெட்டலாம். பெரிய மேசை பெரிய பிரிவினைக்கு. புடவையை முழுசாக விரித்து, எது எங்கே போகும் என்று முடிவு செய்து, முதலில் நீளவாட்டில் பிரி. புடவையின் கரையையே போர்வைக்கும் கரையாக வைக்கலாமே? அது பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஓடும் திசை, இழுத்தாலும் நீளாது, போர்வை ஓரத்துக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. ஆனால் அதை முதலில் எடுத்தால்தான் உண்டு. அவசரப்பட்டுக் குறுக்கே பட்டி பட்டியாக வெட்ட ஆரம்பித்தாயோ, கரை மூன்றரை மூன்றரை இஞ்சாகச் சிதறிவிடும். அப்புறம் அழுது பயனில்லை.

இதற்கெல்லாம் முன்னால் துவை. புடவை பழசு, சுருங்கி முடிந்திருக்கும், ஆனால் அரக்குச் சாயத்தை நம்பாதே. தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசு. நனைத்த வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பார், வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் சரி. வெட்டிய பின் துவைத்தால் துண்டெல்லாம் நூலாகப் பிரிந்து சிக்கிக்கொள்ளும். அப்புறம் ஜன்னலுக்கு நேரே வெளிச்சத்தில் பிடித்துப் பார். கொசுவம் செருகுகிற இடத்திலும், குதிகால் படுகிற கீழ்க்கரையிலும் நைந்திருக்கும். பெருவிரலால் இழுத்தால் விட்டுக்கொடுக்கிற இடத்தைச் சோப்புக்கட்டியால் வட்டம் போட்டு ஒதுக்கு.

மாமியார் புடவை என்றாய். முந்தானையைத் தொடாதே, முழுசாகத் தனியாக எடுத்து வை. அது உனக்குத் தேவையே படாது.

ஈசூன் தையல்காரி:

அக்கா, அப்பளம் என்று படித்ததும் என் வயிறு கலங்கிவிட்டது. பேட்டர்னில் எழுபத்திரண்டரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நான் முதலில் வெட்ட நினைத்ததே அதைத்தான், பெரிய துண்டை முதலில் முடித்துவிடலாமே என்று.

முந்தானை இல்லாமல் துணி போதுமா? புடவை ஐந்தரை மீட்டர், அகலம் 47 இஞ்ச்.

பாதிக் கணக்கு எழுதுகிறார்:

போதும், மிஞ்சும். ஐந்தரை மீட்டர் என்றால் 216 இஞ்ச். முந்தானைக்கு 36 விட்டால் உடல் 180. இரண்டு பக்கமும் கரையோடு சேர்த்து ஏழு இஞ்ச் அகலத்தில் நீளவாட்டில் எடுத்தால் 180 இஞ்ச் பட்டி இரண்டு. ஒன்றிலிருந்து போர்வையின் நீளப் பக்கங்கள் இரண்டும் வரும், 72ம் 72ம் 144. இன்னொன்றிலிருந்து அகலப் பக்கங்கள், 57ம் 57ம் 114. நடுவில் மிஞ்சுவது 33 இஞ்ச் அகலம். அதில் குறுக்கே மூன்றரை இஞ்ச் பட்டி ஒன்றுக்கு ஒன்பது சதுரம். அரக்கு 200 சதுரம் வேண்டும், 23 பட்டி, புடவை நீளத்தில் 81 இஞ்ச். மீதி ஏறக்குறைய 99 இஞ்ச் அப்படியே கிடக்கும். ஓரப்பட்டியும் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். 360 சதுரத்தை ஏன் வெட்டவேண்டும்? பட்டிகளையே நீளமாகச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். அரக்கு, சந்தனம், அரக்கு என்று மூன்று பட்டி ஒரு தொகுதி. சந்தனம், அரக்கு, சந்தனம் இன்னொரு தொகுதி. இஸ்திரி போட்டபின் குறுக்கே மூன்றரை மூன்றரையாக வெட்டினால், மூன்று சதுரம் சேர்ந்தே வெளியே வரும். முதல் வகையில் இரண்டு, இரண்டாவது வகையில் ஒன்று, ஒரு கட்டம் முடிந்தது. முதல் வகை ஒன்பது தொகுதி, இரண்டாவது வகை ஐந்து. நான் இரவுப் பாதுகாவல் வேலை பார்க்கிறவன், பகலில் தைப்பேன், மனைவிக்குத் தையலே வராது. சின்னச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மிஷினுக்குள் தள்ளுவது எனக்குப் பொறுமையைச் சோதிக்கிற வேலை.

கட்டிங் செக்‌ஷன்:

தம்பி சொல்வது நல்ல யோசனை, பழைய மெல்லிசுத் துணிக்கு இன்னும் நல்லது. தனிச் சதுரம் நாலு பக்கமும் பிசிறும், பட்டி அப்படிப் பிசிறாது. ஒன்று மட்டும். கட்டரால், அதாவது உருட்டுக் கத்தியால், வெட்டும்போது நாலு மடிப்புக்கு மேல் வைக்காதே, சுங்குடி வழுக்கும், அடி மடிப்பு கோணிக்கொள்ளும். வெட்டுகிற அன்று லேசாகக் கஞ்சி தெளித்து இஸ்திரி போடு. வெட்டுகிற அன்று மட்டும். பிஸ்கட் டின் சொன்னதை மறக்காதே.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. என் எதிர்வீட்டு மக்சிக், மலாய் அம்மா, வெட்டுத்துணிப் போர்வை நிறையத் தைப்பார். துணிமிச்சத்தை மலாயில் பெர்ச்சா என்பார்கள். அவரிடம் பேட்டர்னும் கிடையாது, அளவும் கிடையாது, ஒரு துண்டைத் தைப்பார், பக்கத்தில் என்ன வேண்டும் என்று பார்த்து அடுத்ததை வெட்டுவார். அவர் போர்வை ஒன்றுகூட நெளிந்து நான் பார்த்ததில்லை. அவர் கண் அப்படி. நமக்கு இஞ்ச் டேப்.

சாங்கி பக்கம் எழுதுகிறார்:

நான் தைக்கிறவன் இல்லை, மனைவிக்காக இந்தப் பக்கத்தைப் படிப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே பழைய கதை ஒன்று இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் சாங்கிச் சிறையில் அடைத்துவைத்த பெண்கள் மூன்று குவில்ட் தைத்தார்கள். எத்தல் மல்வேனி என்ற கனடாப் பெண்மணியின் ஏற்பாடு. ஆளுக்கு ஆறு இஞ்ச் வெள்ளைத் துணி, அதில் தன் பெயரையும் ஏதாவது ஒரு படத்தையும் நூலால் போடவேண்டும். ஒவ்வொரு குவில்ட்டிலும் 66 சதுரம். இரண்டு கான்பராவின் போர் நினைவகத்தில் இருக்கின்றன, ஒன்று லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம். அத்தனை கைகள் தைக்கும்போது அளவை முன்னாலேயே வெட்டித் தராவிட்டால் ஒன்றும் சேராது.

அதே சிறையில் சாரணிச் சிறுமிகள் தங்கள் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ரகசியமாக ஒன்று தைத்தார்கள். அது அறுகோணத் துண்டுகள். கையில் அகப்பட்ட கந்தல்தான் துணி. கிடைக்கக் கிடைக்க வெட்டியிருப்பார்கள், வேறு வழி ஏது? அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்களுக்குத் துணி மொத்தமாகக் கையில் இருக்கிறது, நேரம்தான் கந்தல் கந்தலாக வருகிறது. அதனால் அக்கா சொன்ன மாதிரி பெரிதை மட்டும் முதலில் பிரித்துக்கொள்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. தைக்கத் தெரியாதவன் கருத்து, மன்னிக்கவும்.

பிஸ்கட் டின்:

தைக்கத் தெரிந்த நான் செய்ததைவிட நல்ல கருத்துதான்.

ஈசூன் தையல்காரி, மூன்று வாரம் கழித்து:

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு புடவையையும் நாலு தண்ணீர் அலசினேன். மூன்றாவது தண்ணீர்வரை அரக்குப் போய்க்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலில் மூங்கில் கழியில் காயப்போட்டேன், கீழ்வீட்டு வெள்ளைப் போர்வை மேல் சொட்டிவிடுமோ என்ற பயத்தில் பாதி நேரம் அங்கேயே நின்றேன்.

சந்தனப் புடவையில் கொசுவம் வருகிற இடம் நன்றாக நைந்திருந்தது, அக்கா சொன்ன அதே இடம். வட்டம் போட்டதில் உள்ளங்கை அகலத்துக்கு ஆறு இடம். மொத்தமாக வெட்டியிருந்தால் இந்தச் சதுரங்களும் உள்ளே போயிருக்கும்.

மாதிரிக் கட்டம் ஒன்பதேகால் வந்தது. அக்கா, நீங்கள் என் மிஷினைப் பார்த்தீர்களா என்ன? ஊசியை ஒரு புள்ளி வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று தைத்தேன், ஒன்பதரைக்கு ஒரு மயிரிழை குறைவு. அதோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் அரக்குப் புடவையை விரித்து, கரையிலிருந்து ஏழு இஞ்ச் அளந்து, புள்ளி வைத்துக்கொண்டே கட்டரோடு நிற்கிறேன். கை போகவில்லை. மணி பத்தரை. அன்றைக்குப் பார்த்துத் தேக்காவில் கூட்டம் என்று சீக்கிரமே திரும்பிவிட்டார்கள். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்கு வந்தார். நான் ஏதோ திருடி மாட்டிக்கொண்ட மாதிரி நின்றேன். கரை, முந்தானை, கணக்கு என்று என்னென்னவோ விளக்கினேன். அவர் கேட்டாரா என்று தெரியவில்லை. "இதை வச்சு அறுத்தா கோணும், கத்தரியைக் குடு" என்றார். ஏழு இஞ்ச் புள்ளியில் ஒரே ஒரு வெட்டு, ஒரு விரல் அளவு. கத்தரியை என்னிடம் நீட்டிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார் பாருங்கள், சர்ரென்று ஒரே சத்தம், துணிக்கடையில் கிழிப்பார்களே அந்தச் சத்தம். கை மாற்றிக் கை மாற்றி முந்தானைப் பூ ஆரம்பிக்கிற இடம்வரை வந்து நிறுத்தினார். இழை பிசகாமல் அவ்வளவு நேர். "அப்பா மார்க்கெட் ஸ்ட்ரீட்ல துணி வித்தவரு" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் இதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இன்னொரு பக்கத்தையும் அவரே கிழித்தார். முந்தானையை நாலாக மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது பன்னிரண்டு கட்டம் முடிந்திருக்கிறது. பாதிக் கணக்கு அண்ணன் முறையில்தான், தொகுதி தைத்து, அப்புறம் குறுக்கே வெட்டி. வாரத்துக்கு இரண்டு தொகுதிக்கு மேல் வெட்டி வைப்பதில்லை. கரைப் பட்டி இரண்டும் சமையலறைக் காகிதம் தீர்ந்த உருளையில் சுற்றி, வெட்டாமல், மிஷின் பெட்டிக்குள் இருக்கிறது. பேட்டர்னில் இருந்த எழுபத்திரண்டரையைப் பென்சிலால் அடித்துவிட்டேன்.

ஒன்பதேகால் மாதிரிக் கட்டத்தைத் தேடினேன், காணோம். அத்தையின் தே கோப்பைக்கு அடியில் இருக்கிறது. இத்தனை நாளாகத் தினமும் சூடான கோப்பை, சிந்துகிற தே, ஈரம். அரக்கு சந்தனத்தில் ஏறவே இல்லை.